சின்னக் குளியலறைக்கு ஒரு மர ஷெல்ஃப்: சில பயனுள்ள குறிப்புகள்

அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாலடிக்கு ஏழடி. கோப்பை, வாஷ்பேசின், கீஸர், வாளி எல்லாம் போக மிஞ்சும் இடத்தில் ஷாம்பூவும் சீயக்காயும் ஜன்னல் விளிம்பில் நிற்கும். துணி சோப்பும் பினாயிலும் தரையில் கிடக்கும். ஒரு மர ஷெல்ஃப் போடலாம் என்று பேச்செடுத்தால், "பாத்ரூமில் மரமா? ஊறிப் போகாதா?" என்ற கேள்விதான் முதலில் வரும். பழைய வீடுகளின் தேக்கு ஜன்னல்கள் வருஷா வருஷம் மழையில் நனைகின்றன, ஆனாலும் அப்படியே நிற்கின்றன. நனைந்த மரம் காய்ந்துவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. காய வழியில்லாமல் ஈரத்திலேயே கிடக்கும் மரம்தான் கெடும். கீழே உள்ள குறிப்புகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

1. முதலில் இடத்தைத் தேர்வு செய்யுங்கள். ஷவர் நேராக விழும் சுவரிலும், வாளியை வைத்து மொண்டு குளிக்கும் மூலையிலும் மரம் வேண்டாம். அங்கே தட்டு தேவையென்றால் கடப்பைக் கல் துண்டு ஒன்றைச் சுவரில் பதிப்பதே நல்லது. மர ஷெல்ஃபுக்கு ஏற்ற இடங்கள் மூன்று: ஃப்ளஷ் டேங்குக்கு மேலே, வாஷ்பேசினுக்குப் பக்கவாட்டில், கதவுக்கு மேலே. ஃப்ளஷ் டேங்குக்கு மேலே வைத்தால் ஓர் அடி இடைவெளி விடுங்கள். டேங்கின் மூடியைத் தூக்க முடியாமல் போனால், உள்ளே மிதவை பழுதாகும் நாளில் ஷெல்ஃபையே கழற்ற வேண்டியிருக்கும்.

2. ஆழம் ஆறு இன்ச் போதும். ஒரு அடி ஆழம் வைக்கத்தான் ஆசையாக இருக்கும். ஆனால் ஷாம்பூ, எண்ணெய், பேஸ்ட், சோப்பு எதுவுமே நாலு இன்ச்சுக்கு மேல் இடம் கேட்பதில்லை. ஆழம் கூடினால் பின்வரிசையில் போன பாட்டில் அங்கேயே காலாவதியாகும், பின்மூலை ஈரம் காயாது. நாலடி அகல அறையில் தலை துவட்டக் கையைத் தூக்கும்போது முழங்கையும் இடிக்கும். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி பாரம் நிற்கிறதோ அந்த அளவுக்கு மேல்வரிசை ஸ்க்ரூவைப் பிடுங்கும் இழுவையும் கூடும். இடம் போதவில்லையென்றால் உயரத்தைக் கூட்டுங்கள், ஆழத்தைக் கூட்டாதீர்கள்.

3. மரம் வாங்கும்போது கவனம். தேக்கு சிறந்ததுதான், ஆனால் வைரம் பாய்ந்த தேக்காக இருக்க வேண்டும். பலகையின் ஓரத்தில் வெளுப்பாகத் தெரியும் பகுதி தேக்கானாலும் உளுத்துப் போகும், கரையானும் ஏறும். 'தேக்குதான் சார்' என்று கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு பலகையின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். வேங்கையும் நன்றாக உழைக்கும், ஆனால் கனம். மலிவாகக் கிடைக்கிறதே என்று மாமரப் பலகையோ ரப்பர் மரமோ வாங்கினால் ஈர அறையில் பூஞ்சையும் உளுப்பும் சீக்கிரம் வரும்.

ப்ளைவுட் என்றால் ஐ.எஸ். 710 என்ற எண் அச்சிட்டதைக் கேளுங்கள். அதுதான் மரைன் ப்ளை. பீனால் பார்மால்டிஹைடு பிசினில் ஒட்டியது. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்கு பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை. 'வாட்டர் ப்ரூஃப்' என்று வாயால் சொல்லி விற்பது ஐ.எஸ். 303 வகையாக இருக்கலாம். அதில் எம்.ஆர். என்று முத்திரை இட்டது வெறும் காற்று ஈரத்தைத் தாங்குமே தவிர, குளியலறைக்கு ஆகாது. எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் வேண்டவே வேண்டாம். மைக்கா ஒட்டிப் பளபளவென்று இருக்கும். ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் போனால் உள்ளே மரத்தூள் ஊதிக்கொள்ளும், பிறகு அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

4. முழு ஷீட் வாங்காதீர்கள். ப்ளைவுட் ஷீட் எட்டடிக்கு நாலடி. உங்களுக்குத் தேவை அதில் ஆறு சதுர அடி மட்டுமே. வீடு கட்டும் இடங்களிலும், மாடுலர் கிச்சன் செய்யும் பட்டறைகளிலும் துண்டு ப்ளை மிஞ்சும். மூன்றடிக்கு இரண்டடி உள்ள 18 மி.மீ. மரைன் ப்ளை துண்டு ஒன்று கிடைத்தால் ஒரு முழு ஷெல்ஃப் செய்துவிடலாம். கணக்கு இதோ.

மூன்றடி நீளவாக்கில் 15 செ.மீ. அகலத்தில் நான்கு பட்டைகளாக அறுக்கவும். ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் ஏறத்தாழ ஒரு நூல் தின்னும் (ஆசாரிகளின் கணக்கில் இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல், சுமார் 3 மி.மீ.). அதைச் சேர்த்தால் இரண்டடி அகலம் சரியாக முடிந்துவிடும், எனவே கோட்டின் மேல் அறுக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு பட்டைகளிலிருந்து 75 செ.மீ. நீளத்தில் இரண்டு பக்கப் பலகைகள். மூன்றாவதில் 45 செ.மீ. தட்டுகள் இரண்டு. நான்காவதில் ஒரு தட்டு. மிச்சமுள்ள 45 செ.மீ. துண்டை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தால் ஐந்து செ.மீ.க்குச் சற்றுக் குறைவான மூன்று சட்டங்கள். அவற்றில் இரண்டு ஷெல்ஃபைச் சுவரில் மாட்டுவதற்கு, மூன்றாவது மேல் தட்டின் முன்புறம் பாட்டில் விழாமல் தடுக்க. அறுத்துத் தரும் வசதி பெரும்பாலான ப்ளைவுட் கடைகளிலேயே உண்டு. கையில் அறுத்தால் வரும் பிசிறைக் காட்டிலும் மிஷின் அறுப்பு சுத்தம். கோடு போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அறுத்தால் மேல் வெனீர் பிய்யாது.

5. தட்டுகளுக்கு இடையே ஒரே அளவு இடைவெளி விடாதீர்கள். உங்கள் வீட்டிலுள்ள உயரமான பாட்டிலை அளந்து, அதைவிட இரண்டு இன்ச் கூடுதலாகக் கீழ்த்தட்டுக்கு விடுங்கள். மேற்படி 75 செ.மீ. உயரத்தில் கீழே 30, நடுவில் 23, மேலே மிச்சம் 16 என்று பிரித்தால் பெரும்பாலான சாமான்கள் அடங்கும். குனியாமல் எடுக்க வேண்டியவை நடுத்தட்டில் வரட்டும்.

6. பொருத்தும்போது பசையும் ஸ்க்ரூவும் சேர்ந்தே வேண்டும். பசை தண்ணீர் தாங்கும் மரைன் வகையாக இருக்கட்டும். சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். பக்கப் பலகையின் வெளிப்புறத்திலிருந்து தட்டின் முனைக்குள் ஒன்றரை இன்ச் ஸ்க்ரூ, ஒரு முனைக்கு இரண்டு. ப்ளைவுட்டின் விளிம்பில் ஓட்டை போடாமல் ஸ்க்ரூவை நேரடியாக முறுக்கினால் அடுக்குகள் பிளந்துகொள்ளும். மெல்லிய பிட்டால் முதலில் வழி போடுங்கள். ஸ்க்ரூ எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், முடிந்தால் 304 ரகம். கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ கைக்கு எட்டுகிறதே என்று போட்டுவிடாதீர்கள், குளியலறையில் அது வெகு சீக்கிரம் துருப்பிடித்து மரத்தில் காவிக்கறை இறங்கும்.

பசை காய்வதற்கு முன் ஒரு வேலை உண்டு. மூலைக்கு மூலை குறுக்காக டேப் வைத்து அளங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைகளை அமுக்கிச் சரிசெய்யுங்கள். காய்ந்த பிறகு எந்த மூலைமட்டத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

7. விளிம்புகள்தான் முக்கியம். பலகையின் முகத்தை விட அறுத்த முனை பல மடங்கு தண்ணீர் குடிக்கும். மரத்தின் நரம்புக் குழாய்கள் வாய் திறந்திருக்கும் இடம் அது. முகத்துக்கு இரண்டு கை பெயின்ட் அடித்து விளிம்பை அப்படியே விட்டால் அந்தச் செலவெல்லாம் வீண். எல்லா விளிம்புகளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமரோ நீர்த்த வார்னிஷோ அது இழுக்கும் வரை இழுக்கவிட்டு, காய்ந்ததும் மறுபடி இரண்டு கை கொடுங்கள். முன் விளிம்பில் அரை இன்ச் தேக்கு பீடிங் ஒட்டினால் பார்க்கவும் அழகு.

பலரும் மறப்பது மூன்று இடங்கள்: சுவரோடு ஒட்டும் பின்பக்கம், பக்கப் பலகையின் அடிமுனை, ஸ்க்ரூ ஓட்டையின் உட்புறம். ஷெல்ஃபை மாட்டிய பிறகு இந்த மூன்றுக்கும் தூரிகை போகாது. அதனால் பெயின்ட் வேலையைத் தரையில் வைத்தே முடித்துவிடுங்கள். அடிப்பக்கத்தைப் பார்க்கப் போகிறவர் யார் என்று ஆசாரி கேட்பார். தண்ணீர் பார்க்கும் என்று சொல்லுங்கள். மைக்கா ஒட்டுவதாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் மறுபக்கம் ஈரம் இழுத்து பலகை வளையும்.

8. பூச்சு எது? எனாமல் பெயின்ட், வெளிப்புற உபயோகத்துக்கான பி.யு. பூச்சு இரண்டும் நன்றாக நிற்கும். அரக்கில் செய்யும் ஃப்ரெஞ்ச் பாலிஷ் வேண்டாம், தண்ணீர் பட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். ஆளிவிதை எண்ணெய் தடவுவதைப் பற்றிச் சிலர் சொல்வார்கள். காற்றோட்டம் குறைந்த ஈர அறையில் அதன்மேல் பூஞ்சை படரும். நிறத்தைப் பொறுத்தவரை ஒரு யோசனை: எண்ணெய்க் குளியலும் கஸ்தூரி மஞ்சளும் உள்ள வீட்டில் வெள்ளை பெயின்ட் ஒரு மாதம்கூட வெள்ளையாக இருக்காது. மரநிறமோ அடர்ந்த பச்சையோ வைத்துக்கொண்டால் நிம்மதி.

9. சோப்பும் ஷாம்பூவும் வைக்கும் தட்டை முழுப் பலகையாகப் போடாமல் ரீப்பர் தட்டாகப் போடலாம். ஒன்றரை இன்ச் அகலம், அரை இன்ச் கனம் உள்ள தேக்கு ரீப்பர் மூன்றை இரண்டு நூல் இடைவெளியில் அடித்தால் பாட்டிலின் அடியில் நிற்கும் தண்ணீர் வடிந்து, காற்றும் கீழிருந்து ஏறும். இடைவெளி இதற்கு மேல் போனால் சின்ன பாட்டில் சாயும், பிளேடு நழுவிக் கீழே விழும்.

10. சுவரில் ஓட்டை போடுவதற்கு முன் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். உள்பதிப்புக் குழாய்கள் பெரும்பாலும் டேப்புக்கும் மிக்ஸருக்கும் நேர் மேலாகவும், கீஸரின் இரண்டு வாய்களிலிருந்து மிக்ஸருக்கு நேர் கீழாகவும் இறங்கும். சுவிட்ச் போர்டிலிருந்தும் ஒயர் குழாய் செங்குத்தாகவே போகும். இந்தப் பட்டைகளைத் தொடாதீர்கள். வீடு கட்டும்போது டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் எடுத்த போட்டோ ஏதாவது இருந்தால் அதைவிட நல்ல வரைபடம் இல்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் நாலு சுவரையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கீஸருக்கு அடியில் ஷெல்ஃப் வேண்டாம். அதன் வால்வு சில சமயம் சொட்டும், மெக்கானிக்குக்குக் கைபோக இடமும் வேண்டும்.

11. டைல்ஸில் ஓட்டை போடும் முறை. குறியிட்ட இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், பிட் வழுக்காது. டைல்ஸின் ஓரத்திலிருந்து ஒரு இன்ச்சாவது உள்ளே தள்ளிப் போடுங்கள். முதலில் டைல்ஸ் பிட்டைப் போட்டு, ட்ரில்லின் ஹேமர் பட்டனை அணைத்துவிட்டு, மெதுவாகத் துளையுங்கள். டைல்ஸைத் தாண்டிய பிறகுதான் கான்கிரீட் பிட்டும் ஹேமரும். ட்ரில் ஒயர் ஈரத்தரையில் படாமல் இருக்க, அன்று யாரும் குளிக்காத வேளையாகப் பார்த்துச் செய்யுங்கள்.

ஸ்க்ரூ நீளத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மரச்சட்டம் 18 மி.மீ., சுவருக்கும் மரத்துக்கும் இடைவெளி 6, டைல்ஸ் 8, அதற்குப் பின்னால் கலவை 15 மி.மீ. என்று வைத்தால், செங்கல்லைத் தொடுவதற்குள்ளேயே 47 மி.மீ. போய்விட்டது. இரண்டு இன்ச் ஸ்க்ரூ வெறும் பூச்சைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். 10 நம்பர், மூன்று இன்ச் ஸ்க்ரூவும் 8 மி.மீ. பிளாஸ்டிக் பிளக்கும் போடுங்கள். பிளக்கை டைல்ஸுக்குப் பின்னால் போகும்வரை தள்ளுங்கள். டைல்ஸுக்குள்ளேயே பிளக் விரிந்தால் டைல்ஸ் கீறும். ஏ.ஏ.சி. எனப்படும் வெள்ளைக் கல் சுவராக இருந்தால் அதற்கென்று தனி நைலான் பிளக் உண்டு, ஹார்டுவேர் கடையில் சுவர் என்ன ரகம் என்று சொல்லியே கேளுங்கள். ஹாலோ பிளாக் சுவரில் உள்ளே போய் விரியும் ரகம்தான் பிடிக்கும்.

12. ஷெல்ஃபைச் சுவரோடு ஒட்ட மாட்டாதீர்கள். சட்டத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவே ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் இரண்டு நூல் கனத்துக்கு நைலான் வாஷர் கோத்து விடுங்கள். பின்னால் வழியும் தண்ணீர் தங்காமல் இறங்கிவிடும், காற்றும் போகும், கரையான் மண்பாதை போட்டாலும் கண்ணில் படும். ஓட்டைக்குள் ஸ்க்ரூ ஏற்றும் முன் ஒரு சொட்டு சிலிக்கான் வைத்தால் டைல்ஸுக்குப் பின்னால் ஈரம் போகாது. மட்டம் பார்க்க டைல்ஸ் கோட்டை நம்பாதீர்கள், அதுவே சாய்ந்திருக்கலாம். ரசமட்டம் இல்லையென்றால் கொத்தனார்கள் பிடிக்கும் தண்ணீர் டியூப் போதும்.

13. கதவுக்கு மேலே ஒரு தட்டு. வாளி தட்டாத, தண்ணீர் தெறிக்காத, யாருக்கும் இடிக்காத இடம் அது ஒன்றுதான். டிஷ்யூ, உபரி சோப்பு, துவைத்த துண்டு எல்லாம் அங்கே ஏற்றலாம். பக்கச் சுவர் இரண்டிலும் ஒன்றரை இன்ச் சட்டம் அடித்து அதன்மேல் பலகையை உட்கார வைத்தால் முடிந்தது. ஆனால் நாலடி நீளத்துக்கு 18 மி.மீ. ப்ளை வெறுமனே நின்றால் நடுவில் தொய்யும். முன் விளிம்பில் இரண்டு இன்ச் சட்டம் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டுங்கள். கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு என்பது சட்டங்களின் கணக்கு. அதனால்தான் படுத்திருக்கும் சட்டத்தைவிட நிற்கும் சட்டம் பாரம் தாங்குகிறது.

14. வாடகை வீடா? ஓட்டை போடுவதற்கு முன் வீட்டுக்காரரைக் கேளுங்கள். அவர் முகத்தைச் சுளித்தால் நிற்கும் ஷெல்ஃப்தான். நாலு கால், ரீப்பர் தட்டுகள், ஐந்தடி உயரம். கால்களின் அடிமுனைதான் தரை ஈரத்தை உறிஞ்சும். முனைகளை பெயின்டில் ஊறவைத்துக் காயவிட்டு, நாற்காலிக்குப் போடும் ரப்பர் புஷ் மாட்டுங்கள். முதல் தட்டு தரையிலிருந்து ஒரு அடி மேலே இருக்கட்டும், தரை கழுவ வசதி. குழந்தைகள் பிடித்து ஏறினாலும் சாயாமல் இருக்க மேல்முனையை ஜன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள்.

15. எதை எங்கே வைப்பது. டாய்லெட் கழுவும் ஆசிட் திரவமும் பிளீச்சிங் பவுடரும் ஒரே தட்டில் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், கதவு சாத்திய சின்ன அறையில் அது மூச்சையே அடைத்துவிடும். ஆசிட்டை மர ஷெல்ஃபில் ஏற்றாமல் இருப்பதே சரி. மூடி இறுகாத பாட்டிலிலிருந்து வரும் ஆவி சுற்றியுள்ள இரும்பையெல்லாம் அரிக்கும், மேலிருந்து சிந்தினால் கண்ணில் படும். தரையோரமாகப் பூட்டு போட்ட சின்னப் பெட்டி ஒன்று அதற்குப் போதும். பிளேடும் ரேசரும் மேல்தட்டுக்கு. மருந்து மாத்திரைகள் குளியலறைக்குள்ளேயே வேண்டாம், நீராவியில் கெடும். சீயக்காய்த் தூளும் பயத்தமாவும் இறுகிய மூடி போட்ட டப்பாவில்.

16. குளித்து முடித்ததும் கதவைச் சாத்தி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், வென்டிலேட்டர் கண்ணாடிகளைத் துணி அடைத்து மூடாதீர்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு தடவை சாமான்களை இறக்கி, ஸ்க்ரூக்களை இறுக்கி, உரிந்த இடத்தில் ஒரு கை பெயின்ட் கொடுத்துவிட்டால் அந்த வருஷத்துக்குப் போதும். மழை நடுவில் அடித்த பெயின்ட் லேசில் காயாது.

17. கீழ்த்தட்டு மட்டும் பசை இல்லாமல் வெறும் ஸ்க்ரூவில் நிற்கட்டும். ஆறாவது குறிப்புக்கு இது ஒன்று விதிவிலக்கு. தெறிப்பு முதலில் படுவது அதன்மேல், முதலில் போவதும் அதுதான். விளிம்பு லேசாக உப்பியிருந்தால் கழற்றி நிழலில் நன்றாகக் காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி மாட்டலாம். அடுக்கே பிரிந்துவிட்டால் அதே அளவில் புதுத் துண்டு ஒன்றை அறுத்து வாங்கி, நாலு ஸ்க்ரூவைத் திருப்பினால் வேலை முடிந்தது.